டர்போ பக்கிக்கு எஞ்சின் ஆயில்: தேர்ந்தெடுப்பதிலிருந்து சோதிப்பது வரை

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியைப் பக்கி என்போம். சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனர், "பக்கிக்கு இன்னைக்கு ஆயில் மாத்தணும்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, யாரை இப்படித் திட்டுகிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கட்டுரை முழுக்க அதே சொல்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு முற்றத்தில் சனிக்கிழமை காலையில் இரண்டு மூன்று பக்கியாவது நிற்கும். ஆயில் மாற்ற வரும் தம்பிமார் ஸ்பானர் பிடிப்பதில் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காலியான பிறகு எந்த ஆயில் என்று கேட்கிறார்கள். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி மூடிய பிறகு, அதைச் சோதிக்க லேபுக்கு அனுப்பலாமா என்கிறார்கள். அதனால் எதற்குப் பிறகு எது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. ஸ்பானரைத் தொடும் முன்

கையில் இருக்க வேண்டியவை: வண்டியின் கையேடு, தேவையான அளவு ஆயில் முழுவதும், புது ஃபில்டர், ட்ரெயின் பிளக்குக்கு (ஆயிலை வடிக்கத் திறக்கும் மூடி) புது வாஷர், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவு விசையில் முடுக்கும் ஸ்பானர்), லேப் தந்த மாதிரி பாட்டில், ஒரு நோட்டு.

"முழுவதும்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஃபோர்டு ரேஞ்சரின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சினில், ஆயிலை வடித்துவிட்டு அதிக நேரம் சும்மா விட்டால் ஆயில் பம்ப் உள்ளே இருந்த ஆயிலை இழந்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் ஆயிலை இழுக்காது, எஞ்சின் வறண்டு ஓடும். பத்து நிமிடத்துக்குள் வடித்து நிரப்பிவிட வேண்டும் என்பதுதான் அந்த எஞ்சினுக்கு உள்ள எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் குறைகிறது என்று கடைக்கு ஓடும் பழக்கம் அந்த வண்டியில் எஞ்சினையே தின்றுவிடும். பெரும்பாலான மற்ற வண்டிகளுக்கு இந்த அவசரம் இல்லை என்றாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

வாரண்டி இருக்கிற வண்டியா? 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள போட்டி ஆணையத்தின் நெறிமுறைகளின்படி, வாரண்டி காலத்திலேயே வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்துகொள்ள வழி உண்டு. வீட்டு முற்றத்தில் நாமே செய்வது வேறு கதை. நாளைக்கு க்ளெய்ம் என்று போனால் என்ன ஊற்றினோம் என்று நிரூபிக்கத் திணற வேண்டியிருக்கும். வாரண்டி முடியும் வரை மாதிரி எடுத்துச் சோதிப்பதோடு நில்லுங்கள், மாற்றும் வேலையை ரசீது தரும் இடத்தில் செய்யுங்கள்.

2. எண்ணைப் பார்க்கும் முன் குறியீட்டைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் சொல்வது "5டபிள்யூ-30". அது பாதி விலாசம்தான். தெருப் பெயர் தெரிந்துவிட்டது, கதவு எண் தெரியவில்லை.

அந்த 30 என்பது 100 டிகிரியில் ஆயிலின் தடிமன் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரைக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். டர்போவும் (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) பேரிங்கும் அதைவிடச் சூடான, அதைவிட அழுத்தமான நிலையில் வேலை செய்கின்றன. அங்கே ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்பதை 150 டிகிரியில் அளக்கிறார்கள். ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் தர வகைகளில், சி2 ஆயிலுக்கு அந்த அளவு குறைந்தது 2.9 இருந்தால் போதும், சி3க்கு 3.5 வேண்டும். இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றுதான் போட்டிருக்கும்.

ஆகவே கையேட்டில் தேட வேண்டியது மூன்று: எஸ்ஏஇ தடிமன் எண் (5டபிள்யூ-30 போன்றது), ஏசிஇஏ அல்லது அமெரிக்காவின் ஏபிஐ வகை, தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடு. மூன்றாவது இருந்தால் அதுதான் எஜமான். ரேஞ்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். 3.2 எஞ்சினுக்கு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி913-டி குறியீடு உள்ள 5டபிள்யூ-30. 2.0 பை-டர்போவுக்கு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி950-ஏ உள்ள 0டபிள்யூ-30. இந்த 2.0 எஞ்சினின் பல ஆண்டு மாடல்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட்டின் ரப்பருக்கு ஒத்துவராத ஆயிலை ஊற்றினால் தேய்மானத்துக்கு முன்பே பெல்ட் உதிர ஆரம்பிக்கும். ஒரே கம்பெனி, ஒரே பெயர் வண்டி, ஆனால் ஆயில் வேறு. "அண்ணன் ரேஞ்சருக்கு இதைத்தான் ஊத்தினார்" என்பது ஒரு காரணமே அல்ல.

சிலர் டர்பன் சூடான ஊர், தடிமனான 15டபிள்யூ-40 தான் பாதுகாப்பு என்பார்கள். பழைய டீசல் எஞ்சினுக்கு அது சரி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருப்பதன் பலன் பனியில் மட்டும் இல்லை, நம் ஊர் ஜூலை மாதக் குளிர்காலக் காலையிலும் உண்டு.

3. டிபிஎஃப் உண்டா? எந்த டீசல்?

இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. கரி எரிந்துபோகும், ஆயிலில் உள்ள உலோக மருந்துகள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த சி வகை ஆயில். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம்.

ஆனால் அதே மருந்துதான் டீசலில் உள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தையும் முறிக்கிறது. அமிலத்தை முறிக்கும் திறனைக் காட்டும் எண் டிபிஎன். சி3க்கு அது குறைந்தது 6, ஏ3/பி4க்கு 10. இங்கே பம்புகளில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), 500 பிபிஎம் என்று இரண்டு டீசல் கிடைக்கிறது. டிபிஎஃப் வண்டியில் சி3 ஊற்றிவிட்டு, கொஞ்சம் மலிவு என்று 500 போடுபவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். வடிகட்டியும் கெடும், ஆயிலும் சீக்கிரம் சாகும். உள்ளூர்ச் சாலையில் 50 கிடைக்காத இடங்களுக்கு அடிக்கடி போகிறவர், அதை நோட்டில் குறித்துவைக்க வேண்டும். பின்னால் அறிக்கை படிக்கும்போது அது தேவைப்படும்.

4. வண்டி என்ன வேலை செய்கிறது?

கையேடு இரண்டு மூன்று ஆயிலை அனுமதித்தால் மட்டுமே இந்தக் கேள்வி. ஒன்றைத்தான் சொல்கிறது என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போகிறவருக்கு, கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு வான் ரீனன் கணவாயில் ஏறக்குறைய 1,680 மீட்டர் உயரம். எஞ்சின் மணிக்கணக்கில் மூச்சு வாங்கும். இவருக்கு, அனுமதித்த வகைகளில் 150 டிகிரி அளவு அதிகம் உள்ளதே நல்லது. ஏறி முடித்து ஹாரிஸ்மித்தில் நிறுத்தும்போது உடனே சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிக் கரியாகும்.

ஃபீனிக்ஸிலிருந்து உம்லாங்கா வரை தினமும் போய்வருபவரின் பிரச்சினை நேர் எதிர். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முன் வண்டி நின்றுவிடும், எரியாத டீசல் சம்புக்குள் இறங்கும். இவருக்கு விலையுயர்ந்த ஆயிலைவிடக் குறுகிய இடைவெளி முக்கியம்.

5. கடையில்

மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண் டப்பாவில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பின்பக்கத்தில் "உகந்தது" என்று எழுதியிருப்பதும் "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதை ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு வண்டிக் கம்பெனி சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

மூன்று மாற்றங்களுக்கு ஒரே ஆயில் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் சலுகையில் கிடைத்ததை ஊற்றினால், சோதனை எண் மாறியது எஞ்சினாலா ஆயிலாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே தள்ளிவிடப் பார்க்கும், ஆயிலில் கலக்கும் மருந்துப் புட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

6. பழைய ஆயிலில் முதல் மாதிரி

புதுசை ஊற்றும் முன் பழையதைச் சோதிப்பது எதற்கு? இன்றைக்கு எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. அது இல்லாமல் அடுத்த அறிக்கையை எதோடு ஒப்பிடுவீர்கள்?

பைன்டவுன் பக்கம் வெஸ்ட்மீடில் இருக்கும் வேர்செக் போன்ற ஆய்வகங்கள் பாட்டிலும் படிவமும் தருகின்றன. அந்தப் பாட்டிலையே பயன்படுத்துங்கள். முதல் தடவை நான் குளிர்பான பாட்டிலைக் கழுவி அதில் கொடுத்தேன். அறிக்கையில் சோடியமும் தண்ணீரும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. மறுபடி முறையான பாட்டிலில் எடுத்தபோது ஒன்றுமே இல்லை. எலுமிச்சைச் சோடாவுக்குச் சோதனை செய்திருக்கிறேன்.

எடுக்கும் முறை: வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். நிறுத்திய கால் மணி நேரத்துக்குள் எடுங்கள். நேரம் போனால் கரியும் உலோகத்தூளும் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததுதான் வரும்.

கை சக்‌ஷன் பம்ப் இருந்தால் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) குழாய் வழியாக எடுக்கலாம். ட்யூபை டிப்ஸ்டிக்கோடு வைத்து அளந்து, சம்பின் அடியைத் தொடாத நீளத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். பம்ப் இல்லையென்றால் வடிக்கும்போதே எடுங்கள். ஆனால் முதலில் வருவதையும் கடைசியில் சொட்டுவதையும் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். வடிதட்டிலிருந்து மொண்டு எடுப்பது வேண்டாம். போன மாத அழுக்கும் அதில்தான் இருக்கிறது.

படிவத்தில் வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் பெயரும் தரமும், இடையில் ஊற்றிய டாப்-அப் அளவு எல்லாம் எழுதுங்கள். டாப்-அப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு லிட்டர் புது ஆயில் சேர்ந்தால் உலோக அளவு நீர்த்துப்போய் எஞ்சின் ஆரோக்கியமாக இருப்பது போலத் தெரியும்.

கையோடு, திறக்காத டப்பாவிலிருந்து புது ஆயிலிலும் ஒரு மாதிரி அனுப்புங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

7. வடித்து நிரப்புவது

சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பிளக் காந்தம் உள்ளதாக இருந்தால் அதன் முனையைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இயல்பு, விரலில் நெருடும் செதில் இயல்பு இல்லை.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவுங்கள், பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கையேடு சொல்லும் டார்க்கில் முடுக்குங்கள்.

கையேட்டில் உள்ள அளவை அப்படியே கவிழ்க்க வேண்டாம். அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டு, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். டர்போவிலிருந்து ஆயில் தானாகக் கீழே வடிந்து சம்புக்கு வர வேண்டும். சம்ப் நிறைந்திருந்தால் அது வடியாமல் சீல் வழியாக வெளியேறும். டர்போ போய்விட்டது என்று வந்த வண்டிகளில் சில வெறும் ஒரு லிட்டர் அதிகத்தால் புகைந்தவை.

8. வீட்டுச் சோதனைகள்

நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டீசல் எஞ்சினில் ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

வாரம் ஒருமுறை, அதே இடத்தில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக் பார்த்து எழுதுங்கள். மட்டம் ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே டீசல் அல்லது தண்ணீர் இறங்குகிறது. மோந்து பாருங்கள்.

காகிதச் சோதனை: காபி ஃபில்டர் காகிதத்தில் சூடான ஆயில் ஒரு சொட்டு விட்டு, படுக்கையாக ஒரு நாள் வையுங்கள். கறுப்பு மெல்ல மெல்ல வெளிறிப் பரவினால் ஆயில் கரியைத் தாங்குகிறது. நடுவில் அடர்த்தியான புள்ளி, கத்தியால் வெட்டியது போல் விளிம்பு என்றால் கரி திரண்டுவிட்டது. வெளியே அகலமான வெளிர்மஞ்சள் வளையம் டீசல் கலந்ததைக் காட்டும். ஒவ்வொரு காகிதத்திலும் கிலோமீட்டர் எழுதி நோட்டில் ஒட்டிவையுங்கள். நாலு காகிதம் சேர்ந்த பிறகுதான் அது பேசும்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, நன்கு சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று பொரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, பழைய தகட்டில் செய்யுங்கள். தோசைக்கல்லில் கை வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

9. அறிக்கையைப் படிப்பது

அறிக்கை வந்ததும் இரும்பு எவ்வளவு என்று முதலில் பார்ப்பார்கள். வரிசை அது இல்லை. முதலில் நீங்கள் எழுதிக் கொடுத்த கிலோமீட்டரும் ஆயில் பெயரும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். தவறான தலைப்பின் கீழ் உள்ள எண்ணுக்கு மதிப்பு இல்லை.

அடுத்து தடிமன். 100 டிகிரி அளவைப் புது ஆயில் மாதிரியோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் டீசல் கலப்பு. கூடியிருந்தால் கரி அல்லது ஆயில் கருகியது. பக்கத்திலேயே கரி சதவீதமும் டீசல் சதவீதமும் இருக்கும், எது என்று அது சொல்லும்.

மூன்றாவது டிபிஎன். புதியதில் இருந்ததில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். நான் சொன்னேனே, 500 பிபிஎம் டீசல் போட்ட நாட்களைக் குறித்து வைக்கச் சொல்லி. டிபிஎன் எதிர்பாராமல் விழுந்திருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

நான்காவது, வெளியிலிருந்து வந்தவை. சிலிக்கான் என்பது பெரும்பாலும் மண். அலுமினியமும் கூடவே ஏறினால் மண் என்பது கிட்டத்தட்ட நிச்சயம், ஏனென்றால் மண்ணிலேயே இரண்டும் இருக்கின்றன. டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டச் சாலையில் ஓடும் மருமகனின் பக்கியில் இப்படித்தான் வந்தது. பிஸ்டன் தேய்கிறதோ என்று பயந்தான். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு ஹோஸ் க்ளாம்ப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் எஞ்சினை அண்மையில் பிரித்துச் சீலன்ட் போட்டிருந்தால் சிலிக்கான் மட்டும் தனியாக ஏறும், அது மண் இல்லை. சோடியம், பொட்டாசியம் இரண்டும் ஏறினால் கூலன்ட்டைச் சந்தேகியுங்கள்.

கடைசியில்தான் தேய்மான உலோகங்கள். இரும்பு சிலிண்டரிலிருந்தும் தண்டுகளிலிருந்தும், குரோமியம் ரிங்கிலிருந்து, ஈயமும் தகரமும் பேரிங்கிலிருந்து. செம்பு புது வண்டியில் ஆயில் கூலரிலிருந்தே கரைந்து வரலாம், ஒன்றிரண்டு மாற்றத்தில் அடங்கிவிடும்.

இங்கே தனி எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். 5,000 கிலோமீட்டரில் இரும்பு 20 பிபிஎம், அடுத்த தடவை 10,000 கிலோமீட்டரில் 40 என்றால் இரட்டிப்பாகிவிட்டது என்று கத்த வேண்டியதில்லை. இரண்டிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 4 தான். அதே 10,000 கிலோமீட்டரில் 70 என்றால் விசாரிக்க வேண்டும். அப்போதும் முதலில் இன்னொரு மாதிரி, அப்புறம்தான் ஸ்பானர்.

10. இடைவெளியைத் தொடலாமா?

அறிக்கை நன்றாக இருக்கிறது, இன்னும் ஐயாயிரம் ஓட்டலாமா என்று கேட்பார்கள். வாரண்டி வண்டியில் கூடாது. மற்றவற்றிலும் ஒரே ஆயிலில், ஒரே கிலோமீட்டரில் எடுத்த மூன்று அறிக்கை வரும் முன் கூடாது. என்னைக் கேட்டால் ஆயில் மிச்சப்படுத்தும் பணம் டர்போ விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. நான் நீட்டுவதில்லை. டீசல் கலப்பு காட்டினால் குறைப்பதுண்டு.

11. பழைய ஆயில்

புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், பெயின்ட் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். வேலிக் கம்பத்துக்குப் பூசுவதும் சாக்கடையில் ஊற்றுவதும் வேண்டாம், அது நேராக உம்லாஸ் ஆற்றுக்குப் போகும். பழைய ஆயிலைச் சேகரிக்க ரோஸ் அறக்கட்டளை நாடு முழுக்க இடங்களை வைத்திருக்கிறது. ஃபில்டரையும் கவிழ்த்து ஒரு நாள் வடியவிட்டு அதோடு கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன், மாதிரி பாட்டில் உண்மையிலேயே லேபுக்குப் போய்விட்டதா என்று டாஷ்போர்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். என் முற்றத்தில் மூன்று பேர் அதை அங்கேயே மறந்திருக்கிறார்கள்.